வெளிநாட்டில் நிறுத்திய கார்

ஜனவரி 2, வியாழன்

இந்த வருடம் கம்பனி டைரி தரவில்லை. சேர்ந்த நாள் முதல் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் தந்தார்கள். கரும்பச்சை அட்டை, மேலே தங்க நிறத்தில் ஹார்வுட் என்ற பெயரும் ஓர் ஓக் இலையும். அதில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். இது என் மனைவி கமலாசினி பவுண்ட் கடையில் வாங்கி வந்தது. அட்டையில் பூனைக்குட்டி.

"எழுதிறதுக்குப் பூனை இடைஞ்சலே?" என்று கேட்டாள்.

இடைஞ்சல்தான். ஐம்பத்து நாலு வயது மனிதன், கொவென்ட்ரியில் கார்க் கதவு பொருத்துகிறவன், பூனைக்குட்டிக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கீத்திடம் டைரியைப் பற்றிக் கேட்டேன். கீத் என்னோடு கதவுப் பகுதியில் வேலை செய்பவன், எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதி, இந்த நாட்டில் எனக்கு இருக்கும் ஒரே இங்கிலிஷ் சிநேகிதன். "கடதாசி விலை ஏறிப்போச்சு, ஜோ" என்றான். என் பெயர் சோதிலிங்கம். தொழிற்சாலைக்குள் ஜோ.

கீத் சொல்வதை எல்லாம் நான் எங்கள் ஊர்த் தமிழில்தான் எழுதுவேன். "உங்கட டைரியிலை கீத் அச்சுவேலி ஆள் மாதிரிக் கதைக்கிறான்" என்று கமலாசினி போன வருடம் சிரித்தாள். அவள் களவாக வாசிக்கிறாள் என்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

ஜனவரி 11, சனி

தவமணி கார் ஓட்டும் சோதனையில் பாஸ். நாலாவது முறை. ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே அழுதாள். கமலாசினியும் சேர்ந்து அழுதாள். நான் ரோல்ஸ் சாப்பிட்டேன்.

இந்த ஊரில் தமிழர் வீட்டு விசேஷம் எதற்கும் தவமணிதான் சமையல். புருஷன் விட்டுப் போன பிறகு தனியாகவே தொடங்கினாள். இத்தனை காலமும் சோற்றுச் சட்டிகளை யாராவது ஒருவருடைய காரில் ஏற்ற வேண்டும். "ஆரைக் கெஞ்சிறது எண்டு வெள்ளிக்கிழமையிலை இருந்தே வீடு வீடாய் ரெலிபோன் அடிப்பன் அண்ணை" என்பாள். இனிச் சொந்தக் கார்.

"கார் ஓடச் சொல்லித் தந்த மாஸ்டர் ஜப்பான் கார் ஒண்டு பார்க்கச் சொன்னவர்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜப்பானோ? இஞ்ச நான் ஒருத்தன் ஹார்வுட்டிலை நிக்கேக்கை நீர் ஏன் ஜப்பானுக்குப் போறீர்? எங்கட ஊரிலை ஏ-ஃபோர்ட்டிக் கார் எத்தினை வருசம் ஓடினது? பெற்றோல் இல்லாத காலத்திலை மண்ணெண்ணெயிலை ஓடினது. அது எந்த நாட்டுக் கார்?"

"இங்கிலிஷ் கார்தான்" என்றாள் தவமணி.

"பிறகென்ன?"

கமலாசினி தேநீர் ஊற்றிக்கொண்டே, "ஏ-ஃபோர்ட்டி செய்தது வேறை கம்பனியப்பா" என்றாள். அவளுக்கு இப்படி இடையில் ஏதாவது சொல்லாவிட்டால் சரிவராது.

ஜனவரி 13, திங்கள்

சனிக்கிழமை நான் அவ்வளவு சூடாகியிருக்கத் தேவையில்லை. ஆனால் காரணம் இருக்கிறது.

எங்கள் தொழிற்சாலையில் இரண்டு கார் முற்றங்கள். வாசலுக்குள் தார் போட்ட முற்றம் ஹார்வுட் கார்களுக்கு மட்டும். வேறு எந்தக் காரில் வந்தாலும் கால்வாய்க்கு அப்பால், பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சேற்று நிலத்தில் விட்டுவிட்டு நடந்து வரவேண்டும். அந்த நிலத்துக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் 'வெளிநாடு'.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் பழைய ஜப்பான் கார் ஒன்று இருந்தது. ஒரு நாளும் மக்கர் பண்ணாத கார். முதல் குளிர்காலம் முழுவதும் வெளிநாட்டில் விட்டுவிட்டுச் சேறு படிந்த சப்பாத்தோடு உள்ளே வருவேன். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒருவரும் பக்கத்தில் இருந்து சாப்பிடுவதும் இல்லை. கீத்தான் ஒரு நாள் வந்து எதிரில் உட்கார்ந்தான். "வெளிநாட்டிலை நிண்டது காணும் ஜோ. வீட்டுக்கு வா" என்றான்.

அடுத்த மாதம் அந்தக் காரை விற்றுவிட்டு ஹார்வுட் வாங்கினேன். முதல் நாள் உள் முற்றத்தில் நிறுத்தியபோது நாலைந்து பேர் கை தட்டினார்கள். எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்த நாளில் ஓர் அரசாங்கக் கந்தோரில் ராணியின் படத்துக்குக் கீழே கையெழுத்து வைத்தேன், அவ்வளவுதான். இந்த முற்றத்தில்தான் நான் இந்த நாட்டுக்காரன் ஆனேன். இதைக் கமலாசினிக்குச் சொன்னால் சிரிப்பாள். வாசித்துச் சிரிக்கட்டும்.

அதன் பிறகு என் பேச்சில் ஒன்பது தமிழ் வீடுகள் ஹார்வுட் வாங்கியிருக்கின்றன. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நிற்கும். தவமணி பத்தாவது.

ஜனவரி 24, வெள்ளி

தொழிற்சங்கப் பிரதிநிதிகளை மட்டும் மேல் மாடிக்குக் கூப்பிட்டார்கள். கீத் மத்தியானத்துக்குப் பிறகுதான் இறங்கி வந்தான். என்ன விஷயம் என்று கேட்டேன். "கன்ரீன் சாப்பாட்டைப் பற்றித்தான்" என்றான். கன்ரீன் சாப்பாடு அரை நாள் கதைக்கக்கூடிய விஷயம்தான்.

தவமணியின் காரைப் பற்றிச் சொன்னேன். "கையெழுத்து வச்சிட்டாவே?" என்றான்.

"இன்னும் இல்லை. வாற மாதம்."

குனிந்து சப்பாத்து நூலைக் கட்டத் தொடங்கினான். வெகுநேரம் கட்டினான். அவனுக்கு முதுகு வலி, குனிந்தால் நிமிர நேரம் எடுக்கும்.

பெப்ரவரி 3, திங்கள்

இன்று முதல் கீத் என் காரில் வருகிறான். தன் காரை சுவான்சியில் இருக்கும் மகளுக்குக் கொடுத்துவிட்டானாம். எனக்குச் சந்தோஷம். போகும் வழிதான்.

குஷனையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவன் முதுகு வலிக்கென்று கமலாசினி தன் பழைய கூறைச் சேலைத் துண்டில் தைத்துக் கொடுத்தது. சிவப்பு, கரையில் மாங்காய். அது இல்லாமல் அவனால் காரில் இருக்க முடியாது.

"காரைக் குடுத்தவன் தான் எதிலை போறதாம்?" என்றாள் கமலாசினி.

"என்ரை காரிலை."

"எத்தினை நாளைக்கு?"

சிநேகிதர்களுக்குள் இப்படிக் கேட்க மாட்டார்கள் என்று சொன்னேன்.

பெப்ரவரி 8, சனி

தவமணி கையெழுத்து வைத்தாள். ஹார்வுட் லார்க், என்னுடையதுபோலவே, வெள்ளி நிறம், ஆறு சட்டி கொள்ளும் டிக்கி.

கார் தயாராகவே நிற்கிறது. ஆனால் மார்ச் முதலாம் திகதிதான் எடுப்போம் என்று நான் சொல்லிவிட்டேன். இந்த நாட்டில் விஷயம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். வருடத்தில் இரண்டு தரம் இலக்கத் தகட்டின் எண் மாறும். பெப்ரவரி முடியும்வரை பதியும் கார்களுக்கு 52. மார்ச் முதல் 03. தகட்டைப் பார்த்தாலே காரின் வயது தெரிந்துவிடும், அதனால் எல்லோரும் புது எண்ணுக்குக் காத்திருப்பார்கள். அவசரக்காரன்தான் பெப்ரவரியில் வாங்குவான்.

"நாள் பார்த்துத்தான் எடுக்கிறாங்கள் எண்டு சொல்லுங்கோ. நாங்கள் பஞ்சாங்கம் பார்த்தால் மட்டும் பகிடி" என்றாள் கமலாசினி.

வெளியே வரும்போது தவமணி என் கையைப் பிடித்தாள். "எனக்குக் காரைப் பற்றி ஒண்டும் தெரியாது சோதி அண்ணை. உங்களை நம்பித்தான்."

"யோசியாதையும். நான் பூட்டுற கதவு" என்றேன்.

பெப்ரவரி 19, புதன்

கீத் இப்போது குஷன் கொண்டுவருவதில்லை. முதுகு சுகமாகிவிட்டதாம். கமலாசினியின் கைராசி.

அவன் வீட்டுக் கராஜ் கதவு எப்போதும் பூட்டியிருக்கிறது. முன்பெல்லாம் திறந்து போட்டு ஏதாவது தட்டிக்கொண்டிருப்பான். கேட்டதற்கு, அந்தப் பக்கம் களவு கூடிப்போச்சு என்றான்.

மார்ச் 1, சனி

நல்ல நாள். இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

காலை ஒன்பதுக்கே போய்விட்டோம். விற்பனை நிலைய வாசலில் புது எண்ணுக்காக வந்தவர்கள் கலியாண வீடு மாதிரிக் கூடி நின்றார்கள். கமலாசினி நாலு தேசிக்காய் கொண்டுவந்திருந்தாள். நாலு ரயருக்கும் கீழே வைத்தாள். விற்பனைக்காரப் பெடியன் ஓடிவந்து, ஏதாவது ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தான். தவமணி முன்பக்கத்தில் சந்தனம் வைத்தாள், அவனுக்கும் நெற்றியில் வைத்தாள். அவன் அதோடேயே மற்ற வாடிக்கையாளரிடம் போனான்.

கீத்தும் வந்திருந்தான். கூப்பிட்டதே நான்தான். படம் எடுத்தான். பின் கண்ணாடியில் ஒட்டச் சொல்லிச் சின்ன யூனியன் ஜாக் கொடி ஒன்றைத் தவமணிக்குக் கொடுத்தான். கை குலுக்கி, "நல்ல கார் தங்கச்சி, கவனமா ஓடுங்கோ" என்றான். இங்கிலிஷில் அவன் சொன்னது 'லவ்'. எங்கள் ஊரில் தங்கச்சி என்றுதான் வரும்.

தேசிக்காய் நசிய, தவமணி தானே ஓட்டிக்கொண்டு வெளியே போனாள். சந்தியில் மூன்று முறை இயந்திரம் நின்றது. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை.

கீத் தான் நடந்து போகிறேன் என்று சொல்லிவிட்டான். இரண்டு மைல்.

மார்ச் 18, செவ்வாய்

கதவு ரப்பர் வரவில்லை. லைன் இரண்டு தரம் நின்றது. லொறி பழுதாம்.

மார்ச் 27, வியாழன்

ரப்பர் இல்லை. கண்ணாடியும் இல்லை. நிலம் கூட்டினோம்.

ஏப்ரல் 4, வெள்ளி

மூடிவிட்டார்கள்.

காலை பத்து மணிக்குக் கன்ரீனுக்குக் கூப்பிட்டு ஒரு கடதாசியைப் பார்த்து வாசித்தார்கள். வாசித்தவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. கம்பனி கைமாறவும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. திங்கட்கிழமை வரவேண்டாம். விற்ற கார்களின் உத்தரவாதம் செல்லாது. கடைசி வசனத்தை அவர் கொஞ்சம் வேகமாக வாசித்தார்.

கீத் அவருக்குப் பக்கத்தில் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். அவனுக்கும் பெரிய அதிர்ச்சிதான், பாவம். திரும்பி என் காரில்தான் வந்தான். இறங்கும்போது என் தோளைத் தட்டினான்.

ஏப்ரல் 9, புதன்

ஒன்பது வீடுகளிலிருந்தும் தொலைபேசி வந்துவிட்டது. சிலர் துக்கம் விசாரிப்பதுபோலத் தொடங்கிக் காரில் முடித்தார்கள். ஒருவர் நேரேயே, "உங்களுக்கு முந்தியே தெரிஞ்சிருக்குமே?" என்றார். எனக்குத் தெரிந்திருந்தால் தவமணிக்கு வாங்கிக் கொடுத்திருப்பேனா என்று கத்தினேன்.

தவமணியிடமிருந்து வரவில்லை. அவள் கூப்பிட்டு ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கீத்தின் தொலைபேசி அடிக்கிறது. எடுக்கிறான் இல்லை. ஆறவிடுவோம், அவனுக்கும் குடும்பம் இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

தவமணியின் கார் நேற்று நடு ரோட்டில் நின்றுவிட்டது. பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்கு ஒன்றுக்கு நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு, டிக்கியில் ஆறு சட்டி. இரண்டு டாக்ஸி பிடித்து ஏற்றியிருக்கிறாள். இடியப்பம் ஆறிப்போய், பெண்ணின் தாய் எல்லோருக்கும் முன்னால் பேசினாளாம். அடுத்த மாதம் ஒப்புக்கொண்டிருந்த இரண்டு விசேஷங்களும் கைவிட்டுப் போயின. இதெல்லாம் வேறு ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போனேன். கார் அவள் வீட்டு வாசலில். பின் கண்ணாடியில் கீத் கொடுத்த கொடி.

"பெற்றோல் பம்ப் போச்சுதாம் அண்ணை. விற்ற இடத்துக்குப் போனனான், கதவிலை சங்கிலி. சாமான் ஒரு இடத்திலையும் இல்லையாம்" என்றாள். பிறகு, "தேத்தண்ணி குடியுங்கோ" என்றாள்.

மாஸ்டர் சொன்ன ஜப்பான் காரைப் பற்றி அவள் பேசவே இல்லை.

ஏப்ரல் 26, சனி

என் காரின் பெற்றோல் பம்பைக் கழற்றித் தவமணியின் காருக்குப் போட்டாயிற்று. என்னுடையது இரண்டு வருடத்துக்கு முன் மாற்றி வாங்கியது, ஆனால் இரண்டுக்கும் ஒரே பம்ப்தான். பக்கத்துத் தெருக் கராஜ்காரர் ஒரு மணித்தியாலத்தில் செய்து முடித்தார். "உன்ரை கார் இனி ஓடாதே" என்றார். தெரியும் என்றேன்.

தவமணி வேண்டாம் வேண்டாம் என்றாள். "நீர் கேட்டு வாங்கேல்லை, நான் சொல்லி வாங்கினது" என்றேன். முதல் தரமாக என் முன்னால் அழுதாள். ஜனவரியில் அழுததைச் சேர்க்கவில்லை.

கமலாசினி ஏசுவாள் என்று பயந்து போனேன். அவள் வாசலில் நின்ற காரை ஒருக்கால் பார்த்துவிட்டு, "பஸ் பாஸ் எடுங்கோ" என்றாள். இரவு எனக்குப் பிடித்த நண்டுக் கறி.

மே 1, வியாழன்

கீத் கடைசியில் தொலைபேசியில் கூப்பிட்டான். சனிக்கிழமை பழைய தொழிலாளர் எல்லோரும் தங்கள் ஹார்வுட் கார்களைக் கொண்டுவந்து, தொழிற்சாலை வாசலிலிருந்து ஊரைச் சுற்றி ஒரு கடைசி ஊர்வலம். ஏற்பாடு அவன்தான். "கொடி கட்டிக்கொண்டு வா ஜோ. நீ இல்லாமல் சரிவராது" என்றான். பம்ப் விஷயத்தைச் சொல்லவில்லை. நேரில் சொல்லலாம்.

மே 3, சனி

பஸ்ஸில் போனேன். பஸ் தரிப்பிலிருந்து தொழிற்சாலைக்குக் குறுக்கு வழி வெளிநாட்டு முற்றத்துக்கு ஊடாகத்தான். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தச் சேற்றில் கால் வைத்தேன். உள் முற்றத்தில் கார்களும் கொடிகளும் பாட்டும். இங்கே ஒரே ஒரு கார், வேலி ஓரமாக, மரத்துக்குப் பின்னால். நீல நிற ஜப்பான் கார், புதிது.

சாரதி இருக்கையில் கமலாசினியின் கூறைச் சேலை. சிவப்பு, கரையில் மாங்காய்.

முதலில் எனக்கு வந்த நினைப்பு, கீத்தின் குஷனை யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்பது. அவன் சொன்ன களவுக் கதை அவ்வளவு ஆழமாக என் தலைக்குள் இருந்திருக்கிறது. பிறகு இலக்கத் தகட்டைப் பார்த்தேன்.

52.

மார்ச்சுக்கு முன் பதிந்த கார். தவமணிக்கு 03. நான் சொல்லிக் காத்திருந்து எடுத்தது. அவள் அதை எடுத்த நாளில், அவன் படம் எடுத்து, கொடி கொடுத்து, கை குலுக்கிய நாளில், இந்தக் கார் அவன் வீட்டுப் பூட்டிய கராஜுக்குள் நின்றிருக்கிறது. இரண்டு மாதம் என் காரில், என் பக்கத்தில் இருந்து அவன் வேலைக்கு வந்தது இதை மறைக்கத்தான். அந்தச் சேற்றில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

வாசலில் கீத் கொடி கொடுத்துக்கொண்டு நின்றான். நான் நடந்து வருவதைப் பார்த்தான்.

"கார் எங்கை ஜோ?"

"இல்லை."

அவன் முகம் மலர்ந்தது. நான் எழுதுவதை நானே நம்பாவிட்டாலும், மலர்ந்தது. கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான். "நீயும் வித்துப்போட்டியா? அப்பாடா. எத்தினை நாளாய் எனக்கு நித்திரை இல்லைத் தெரியுமே. நல்ல வேலை செய்தாய்."

"விக்கேல்லை. பம்பைக் கழட்டித் தவமணிக்குக் குடுத்திட்டன். உன்ரை காரைப் பார்த்திட்டுத்தான் வாறன். ஐம்பத்திரண்டு."

கையில் இருந்த கொடிகளை அவன் ஒன்றொன்றாக அடுக்கத் தொடங்கினான். இந்த முறை கட்டுவதற்குச் சப்பாத்து நூல் இல்லை, சப்பாத்தே வேறு.

"ஜனவரியிலை மேலை கூப்பிட்டுச் சொன்னவங்கள். வெளியிலை சொல்ல மாட்டன் எண்டு கையெழுத்து வாங்கினவங்கள். ஆரும் வாய் திறந்தால் ஓடர் எல்லாம் நிண்டு உடனை மூடவேணும் எண்டாங்கள்."

"அதாலைதான் நீ ஓடிப்போய் உன்ரை காரை வித்தனி?"

"எனக்குக் குடும்பம் இருக்கு ஜோ."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். கையெழுத்து வைக்க வேண்டாம், பொறு எண்டு மட்டும். ஏனெண்டுகூட நான் கேட்டிருக்க மாட்டன்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் பொய் சொல்லவும் இல்லை. "உனக்குச் சொன்னால் நீ உன்ரை ஆக்கள் எல்லாருக்கும் சொல்லிப்போடுவாய்" என்றான்.

உன்ரை ஆக்கள்.

பதின்மூன்று வருடம் அவனோடு ஒரே மேசையில் சாப்பிட்டேன். என் ஆட்கள் யார் என்று ஒருவர் கேட்டிருந்தால், யோசிக்காமல் முதலில் இவன் பெயரைத்தான் சொல்லியிருப்பேன். இவன் கணக்கில் நான் இன்னும் கால்வாய்க்கு அப்பால், அந்தச் சேற்றில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன். உள்ளே விட்டது என் காரை மட்டும்.

ஊர்வலம் புறப்பட்டது. யாரோ ஒருவருடைய ஹார்வுட்டில் முன் இருக்கையில் ஏறி, கீத் கொடியை வெளியே பிடித்தான். நான் திரும்பி வெளிநாட்டு வழியாகவே நடந்து பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். கமலாசினி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "என்ரை கூறைச் சேலையை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம்" என்றாள்.

மே 6, செவ்வாய்

பார்சல் களஞ்சியம் ஒன்றில் நேர்முகம். வேலை கிடைக்கும் போலிருக்கிறது. அங்கே ஒரே கார் முற்றம்தான். எந்தக் காரையும் எங்கேயும் விடலாமாம். எனக்கு விட ஒன்றும் இல்லை.

காலையில் கூட்டிக்கொண்டு போனது தவமணி. இப்போது இயந்திரம் நிற்பதே இல்லை. என் பம்ப் நன்றாக வேலை செய்கிறது. பின் கண்ணாடியில் கொடி இல்லை, ஒட்டிய இடத்தில் பசை மட்டும் இருக்கிறது. யார் உரித்தது என்று நான் கேட்கவில்லை.

பின்னேரம் கீத் தொலைபேசியில் கூப்பிட்டான். "ஐயாம் சாரி, ஜோ" என்றான். அப்படியே எழுதுகிறேன். இனிமேல் இந்த டைரியில் அவனுக்குத் தமிழ் வராது.